கணக்கெடுப்பு நாளின் மதியச் சாப்பாடு

கடிதம் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. பிரதேச செயலகத்தில் எழுத்து வேலைக்கு இலிகிதராகச் சேர்ந்து பிரதம இலிகிதராக ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கடிதத்துக்குப் பதில் வரும், எந்தக் கடிதம் அலுவலகக் கோவைக்கட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் என்பதை முதல் பந்தியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அதனால்தான் பைபாஸ் வீதி கேட்பதற்கென்று ஊரில் ஒரு குழு அமைத்தபோது, என்னைக் கேட்காமலே செயலாளராகப் போட்டார்கள். கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். என் அக்காவின் வீடு அந்தப் பிரதான வீதியில் இருந்தது.

எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது. பெரிய வீதி ஒன்றே ஒன்று. கொழும்பு பஸ், மண் ஏற்றும் டிப்பர், வெல்லாவெளிப் பக்கமிருந்து நெல் மூட்டையோடு வரும் லொறி, பள்ளிக்கூட வான், மீன்காரரின் மோட்டார் சைக்கிள், இவ்வளவுக்கும் நடுவில் படுத்துவிட்டு எழும்ப மனமில்லாத மாடுகள், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வீதிதான். ஊருக்குப் பின்னால் வாவிக்கரையோரமாக இன்னொரு வீதி போட்டால் பெரிய வாகனங்கள் அதால் போய்விடும். இதைக் கேட்டு நாங்கள் எழுதாத அலுவலகம் இல்லை. எழுதியதெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகத்தான் கிடந்தது.

கடைசியில் ஒரு பதில் வந்தது. மேலிடத்தில் நிதி இருக்கிறது, ஆனால் அது இரண்டில் ஒன்றுக்குத்தான். வாகனம் மிக அதிகமென்று கணக்கெடுப்பில் தெரிந்தால் பைபாஸ். அவ்வளவு இல்லையென்றால் இருக்கிற வீதியையே இரண்டு பக்கமும் வெட்டி அகலமாக்குவார்கள். வெட்டினால் எதுவரை வெட்டுவார்கள் என்று முன்னமே ஒரு நில அளவைக்காரர் நூல் பிடித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அந்த நூல் அக்காவின் வீட்டு விறாந்தையைத் தாண்டி, முன் ஹோலின் நடுவால் போனது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும். எங்கள் அம்மா அந்த வீட்டை அக்காவுக்குக் கொடுத்தார், அக்கா தன் மகளுக்குக் கொடுக்கவேண்டும். அந்த மகளுக்கு, என் மருமகளுக்கு, அப்போது கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் தாய் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தவிதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஹோலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடந்தே அளந்தார். பிறகுதான் தேத்தண்ணியைக் கையில் எடுத்தார். அந்த ஹோல் போனால் கலியாணம் நிற்குமா நடக்குமா என்று யாரும் வாயால் கேட்கவில்லை. எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது.

ஆகவே கணக்கெடுப்பு நாள் அறிவிக்கப்பட்டதும் கடைக்காரர்களுக்கு ஒரு சுற்றறிக்கை எழுதினேன். வாகனக் கணக்கெடுப்புக்காகத் திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள் வருகை தரவுள்ளனர், அனைவரும் பூரண ஒத்துழைப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். முப்பது வருடமாக எழுதிய அதே வசனம். கை தானாக எழுதியது. படிக்கிறவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

அன்று காலை வீதிக்கு வந்து பார்த்தேன். வீதி கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. ஒரு மாடு இல்லை. கடைகளுக்கு முன்னால் வழமையாக வீதிக்குப் பாதி வரை நிற்கும் சாமான் லொறி ஒன்றும் இல்லை. ஓட்டோக்கள் கூட பக்கத்துச் சிறு ஒழுங்கைக்குள் வரிசையாக நின்றன. பெரிய வெள்ளிக்கிழமை காலையில் கூட எங்கள் வீதியை அப்படி நான் கண்டதில்லை. வர்த்தகர் சங்கத் தலைவர், புடைவைக் கடை வைத்திருக்கும் ஹாஜியார், கடை வாசலில் கை கட்டிக்கொண்டு பெருமையாக நின்றார்.

"எப்படி சேர்? ஒரு சாமான் ரோட்டுல இல்ல. லொறிக்காரனுகளுக்கெல்லாம் நாளைக்கு வாங்கடா எண்டு போன் பண்ணிட்டன்," என்றார்.

"ஹாஜியார், அவங்க வாறது நெரிசல் எவ்வளவு எண்டு பாக்க."

அவர் வீதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பெரியாக்கள் வரக்குள்ள ரோட்டு வடிவா இருக்கவேணாமா?" என்று கேட்டார். பிறகு குரலைத் தணித்து, "இப்ப ரெண்டு லொறியக் கூப்பிடட்டா?" என்றார்.

வேண்டாம் என்றேன். அவரைக் கோபிக்க எனக்கு உரிமை இல்லை. மந்திரி வந்தாலும் பிஷப் வந்தாலும் கணக்கெடுப்புக்காரர் வந்தாலும் எங்கள் ஊருக்குத் தெரிந்த ஒத்துழைப்பு கூட்டித் துடைத்து வைப்பதுதான். அதை நானே எழுதிக் கேட்டிருந்தேன்.

கணக்கெடுக்க வந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பெண்கள், அவர்களுக்குப் பொறுப்பாக ஓர் ஆண். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். உன்னிச்சையிலிருந்து வருகிறார். பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டு, ஒரு பெரிய குடையை விரித்து, சரியாக அக்காவின் வாசல் படலைக்கு எதிரில் இருந்தார்கள். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு வகை வாகனத்துக்கும் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே போகவேண்டும். காலை முழுக்க அவர்களுக்கு அதிகம் வேலை இருக்கவில்லை. பத்து மணியளவில் ஒரு பெண் சைக்கிளுக்கும் ஒரு கோடு போடுவதைப் பார்த்துவிட்டு அப்பால் நகர்ந்தேன்.

எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை பள்ளிக்கூடம் விடும் நேரம். இரண்டு பள்ளிக்கூடம் ஒன்றாக விடும்போது வருகிற நெரிசலை ஹாஜியார் அல்ல, யார் வந்தாலும் துடைத்து வைக்கமுடியாது. ஒன்றேகாலுக்கே பள்ளிக்கூடச் சந்திக்குப் போய் நின்றேன். பிள்ளைகளை ஏற்ற வந்த மோட்டார் சைக்கிள்கள், வான்கள், ஓட்டோக்கள், அதற்குள் கொழும்பு பஸ் ஒன்று, அதற்கு எதிரே டிப்பர், டிப்பருக்குப் பின்னால் அம்புலன்ஸ். பொலிஸ்காரர் விசில் ஊதி ஊதிக் களைத்து ஓரமாக ஒதுங்கிவிட்டார். அம்புலன்ஸ் கத்திக்கொண்டு நிற்க, நான் அதைச் சந்தோசமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே யாராவது கிடந்திருப்பார்கள் என்ற எண்ணம் எனக்குப் பிறகுதான் வந்தது. அந்த நேரம் வரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

நெரிசல் நீண்டு நீண்டு அக்காவின் வீட்டைத் தாண்டியும் போயிருந்தது. வாகனங்களுக்கு இடையால் புகுந்து கணக்கெடுப்புக்காரர் இருந்த இடத்துக்கு வந்தேன். குடை இருந்தது. மூன்று கதிரைகளும் இருந்தன. ஆட்கள் இல்லை. அக்காவின் வீட்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

அந்த ஹோலில்தான் மேசை போட்டிருந்தது. மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்காய்ப் பால்கறி, இறால் பொரியல், ஓரத்தில் எருமைத் தயிர்ச் சட்டி. எல்லாவற்றுக்கும் நடுவில் வாவி நண்டுக் கறி. அவசரமாக அள்ளிப்போட்டுக்கொண்டு எழும்பக்கூடிய ஒரு கறியை அக்கா வைத்திருக்கக் கூடாதா? நண்டை யாரும் ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிப்பதில்லை. கணக்கெடுப்புக்குப் பொறுப்பானவர் ஒரு நண்டுக் காலை உடைத்து, உள்ளே இருந்ததைப் பொறுமையாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, வெளியில ஆரு எண்ணுற?" என்றேன்.

"ரோட்டு எங்க ஓடிப் போகப்போகுது? காலையில இரிந்து வெயிலுக்க இரிக்கிதுகள். நம்மட வாசல்ல இரிக்கிற மனிசரப் பசியோட விடுறதா? நீயும் கையக் கழுவிட்டு இரி தம்பி. சோறு ஆறுது," என்றார் அக்கா.

"இந்தா எழும்பிட்டம் சேர். அக்கா விடுறா இல்ல," என்று அவர் பாதி எழும்பினார். அக்கா அவருடைய சோற்றுக் கோப்பையில் இன்னும் ஒரு கரண்டி போட்டார். அவர் திரும்ப இருந்தார்.

வெளியே ஹோர்ன் சத்தம் காதைப் பிளந்தது. நான் கதிரைக்குப் போய் அந்தத் தாளை எடுத்து நானே கோடு போட்டிருக்கலாம். குறைந்தது அவர்களை எழும்பச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. அக்கா எனக்கும் ஒரு கோப்பை வைத்துவிட்டார், பசியும் இருந்தது. கையைக் கழுவிவிட்டு இருந்தேன்.

சாப்பிடும்போது அவர் தன்னைப் பற்றிச் சொன்னார். பல வருடமாக ஒப்பந்த அடிப்படையில் வேலை. வருடா வருடம் நீடிப்பார்கள். இந்த முறை நிரந்தர நியமனத்துக்குப் பெயர் போயிருக்கிறது. "இந்த முற கிடைக்கும் எண்டுதான் சொல்றாங்க அக்கா. பென்சனுக்குக் கொஞ்சக் காலமெண்டாலும் மிஞ்சும்," என்றார். அக்கா அவருக்காக நேர்ச்சை வைப்பதாகச் சொன்னார். அக்கா சொன்னால் வைப்பார். அவர் தயிரும் சாப்பிட்டு, வெளியே வந்து, கதிரையில் இருந்தபோது வீதி காலியாகக் கிடந்தது. அவர் தாளைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தலையைக் குனிந்து எதையோ எழுதினார். நான் கேட்கவில்லை.

சில மாதங்களில் அறிக்கை வந்தது. பைபாஸுக்குப் போதுமான வாகனம் இல்லை, இருக்கிற வீதியை அகலமாக்கச் சிபாரிசு. குழுவில் எல்லோரும் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஹாஜியார் எழும்பிப் போய்விட்டார். நான் மட்டும் பின்னிணைப்பைப் படித்தேன். பின்னிணைப்புப் படிக்கிறது என் தொழில் நோய். அங்கே அட்டவணையில் ஒன்று தொடக்கம் இரண்டு மணிவரை இருந்த எண்களும், காலை பத்து தொடக்கம் பதினொரு மணிவரை இருந்த எண்களும் ஒன்றே. சைக்கிள்கூடக் கூடிக் குறையவில்லை. காலி வீதியின் கணக்கை அவர் நெரிசல் நேரத்துக்கு அப்படியே இறக்கி எழுதியிருந்தார்.

மட்டக்களப்புக்குப் போய் வீதித் திணைக்களத்தின் பொறியியலாளரைச் சந்தித்தேன். நல்ல மனிதர். அட்டவணையைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"வாயால சொன்னதுக்கு நான் ஒண்டும் செய்ய ஏலா சேர். எழுத்தில தாங்க. திரும்ப எடுக்கச் சொல்லுவன். ஆனா எழுத்தில வந்தா, எடுத்த ஆளிட்டயும் விளக்கம் கேக்கவேண்டி வரும்," என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதே மனதுக்குள் கடிதம் ஓடத் தொடங்கிவிட்டது. நேரே அக்கா வீட்டுக்குப் போய் விசயத்தைச் சொன்னேன். வீடு தப்பும் என்று சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். அக்கா மா அரித்துக்கொண்டிருந்தார். அரிதட்டைக் கீழே வைத்தார்.

"எழுதினா அந்த மனிசன்ட வேல?"

"பேர் போடமாட்டன் அக்கா. நேரத்த மட்டும்தான் எழுதுவன்."

"அந்தத் தாளுல ஆருட கையெழுத்து இரிக்கி?"

அக்கா கையிலிருந்த மாவைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"அவராக் கேட்டு வரல்ல. நான்தான் ரெண்டு தரம் போய்க் கூப்பிட்ட. மூணாந்தரம் கையப் பிடிச்சி இழுக்காத குற. என்ட வீட்டுல சோறு போட்டுட்டு, அதுக்கு அவரக் காட்டிக் குடுக்கிறதா?"

"எழுதாட்டி இந்த ஹோல் போயிரும். மாப்பிள வீட்டுக்காரர் என்ன சொல்லுவாங்க?"

"போனாப் போகட்டும். பின்னுக்கு ஒரு அற எடுத்துக் கட்டுவம். அவங்களுக்கு நான் சொல்லிக்கிறன்." அக்கா அரிதட்டைத் திரும்ப எடுத்தார். ஆனால் அரிக்கவில்லை. "அந்தப் பந்தியில நீயும்தான் இரிந்த தம்பி. அதையும் எழுதுவயா?"

கடிதம் சுருக்கமாக இருக்கவேண்டும் என்று சொன்னேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அன்று அதைத்தான் சொன்னேன். அக்கா அதற்கு மேல் என்னோடு அதைப்பற்றிக் கதைக்கவில்லை. எழுதாதே என்று ஒரு தரம் சொன்னார், அவ்வளவுதான்.

மூன்று நாள் பொறுத்தேன். அக்காவின் சொல்லுக்காகப் பொறுத்ததாகச் சொன்னால் அது பொய். மாப்பிள்ளையின் தாய் விசயம் கேள்விப்பட்டு ஆள் அனுப்பி விசாரிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் விசாரித்து ஆள் வந்தது. அன்று பின்னேரமே எழுதினேன். ஒரு பக்கம். இரண்டு நேரங்கள், இரண்டு வரிசை எண்கள், பள்ளிக்கூடம் விடும் நேரம், மறு கணக்கெடுப்புக்கான பணிவான வேண்டுகோள், கீழே என் கையெழுத்து. சாப்பாடு பற்றி ஒரு சொல் இல்லை. யார் கூப்பிட்டது, யார் யார் இருந்தது, ஒன்றும் இல்லை. நான் எழுதிய கடிதங்களில் அதுதான் நல்ல கடிதம். முதல் பந்தியைப் பார்த்ததும் எனக்கே தெரிந்தது, இதற்குப் பதில் வரும் என்று.

வந்தது. மறு கணக்கெடுப்பு முன்னறிவித்தல் இல்லாமல் நடந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். ஹாஜியாரின் லொறிகள் வீதிக்குப் பாதி வரை நின்றன, மாடுகள் தங்கள் இடத்தில் படுத்திருந்தன. புதிதாக வந்தவர்கள் வானுக்குள் இருந்தபடி எண்ணிவிட்டுப் போய்விட்டார்களாம். அடுத்த வருட நிதி ஒதுக்கீட்டில் பைபாஸின் முதற்கட்டம் சேர்ந்தது. வாவிக்கரையில் சதுப்பில் வளரும் கண்ணாப் பற்றைகளுக்கு நடுவில் சிவப்புத் துணி கட்டிய கட்டைகளை அடித்தார்கள். ஊர் என்னைப் பாராட்டியது. குழுக் கூட்டத்தில் மாலை போட வந்தார்கள், மறுத்துவிட்டேன், அதற்கும் பாராட்டினார்கள்.

உன்னிச்சைக்காரரின் ஒப்பந்தத்தை அந்த வருடம் நீடிக்கவில்லை. நிரந்தர நியமனப் பட்டியலில் அவர் பெயர் இருக்கவில்லை. இதைப் பொறியியலாளர் தொலைபேசியில், வேறு ஏதோ கதைக்கிற இடத்தில் சொன்னார். இப்போது யாருடையதோ வயல் வட்டையில் வேலை பார்க்கிறார் என்று கேள்வி. உன்னிச்சைக்கு இங்கிருந்து போவது பெரிய காரியம் இல்லை. போகவேண்டும் என்று இரண்டு மூன்று தரம் நினைத்திருக்கிறேன். போய் என்ன சொல்வது என்பது தெரியாததால் போகவில்லை. அக்கா போய் வந்ததாக மருமகள் மூலம் அறிந்தேன். என்ன கதைத்தார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என்னிடம் கேட்டால், திரும்ப அந்த நிலைமை வந்தாலும் எழுதுவேன் என்றுதான் சொல்வேன். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. அம்புலன்ஸ் நின்றது உண்மை, கணக்குப் பிழை என்பதும் உண்மை. ஆனாலும் அக்கா வீட்டுக்குப் போனால் எனக்கு ஹோலில் இருக்க மனம் வருவதில்லை. குசினிப் பக்கம் போய் நிற்பேன். அக்கா தேத்தண்ணி தருவார். மகளின் கலியாணக் காரியம் ஒவ்வொன்றையும் முறைப்படி எனக்கு அறிவிப்பார். முன்பெல்லாம் என்னை வாடா என்பவர், வா என்று சொல்லத் தொடங்கியிருந்தார். வேறு யாருக்கும் அது தெரிந்திராது.

கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுக்க நொத்தாரிசிடம் போனோம். அக்கா, மருமகள், நான். ஹாஜியாரும் ஏதோ காணி அலுவலாக அங்கே வந்து வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். நொத்தாரிசு வீட்டு உறுதிப் பத்திரத்தை வாசித்தார். நான்கு எல்லைகளையும் சொன்னார். கிழக்கே பிரதான வீதி என்றபோது அக்கா தலையை ஆட்டினார். எங்கள் அம்மா கொடுத்த வீடு ஓர் அடி குறையாமல் அந்தத் தாளில் இருந்தது. அந்த நேரத்தில் நான் செய்தது சரி என்று எனக்குப் பட்டது, மனம் நிறைந்துதான் இருந்தது.

அக்கா கையெழுத்து வைத்தார். மருமகள் வைத்தாள். "சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும்," என்றார் நொத்தாரிசு. ஒன்று அவருடைய இலிகிதர். மற்றது நான்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் சீதன உறுதிக்குத் தாய்மாமன் சாட்சி வைப்பதுதான் வழக்கம். அவர் பேனாவை என் பக்கமாக நீட்டினார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையை முன்னால் இழுத்தேன்.

"தம்பி வேணாம் ஐயா," என்றார் அக்கா.

நொத்தாரிசு நிமிர்ந்து பார்த்தார். "தாய்மாமன்தானே?"

"ஓம். இந்த வீட்டுக்கெண்டு அவர் முந்தியே ஒரு கையெழுத்துப் போட்டிட்டார். அது போதும்."

குரலில் கோபம் இல்லை. மருமகள் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தேன். நொத்தாரிசின் இலிகிதர் வெளியே போய் ஹாஜியாரைக் கூட்டிவந்தார். அவர் என்ன ஏதென்று கேட்காமல் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று குனிந்தார். அவர் கையெழுத்து வைப்பதற்கு வசதியாக நான் எழும்பிக் கதிரையைக் கொடுத்தேன்.